பென்சில் குறி போடாத தாள்

ரெங்கா,

நீ போனில் பேசி நாலு நாள் ஆகிறது. அன்றைக்கே திருப்பிக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லி முடித்து வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. ஊர்ப்பட்ட பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இது நாலாவது. கூரியரில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று அந்தப் பையன் சத்தியம் பண்ணுகிறான். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதை முழுக்கப் படித்தாக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படி.

நீ வேலை பார்க்கும் கம்பெனி அரசாங்கத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கிற கம்பெனி என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீயே ஒரு திட்டத்தை முழுசாக எழுதுகிறாய் என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பை அணைத்தேன். உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்கிற குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவிலும், வீடு கட்டும் உதவியிலும், முதியோர் உதவித்தொகையிலும் முன்னுரிமை. முதலில் நம் மாவட்டத்தில் நடத்திப் பார்ப்பது. திங்கட்கிழமை மேலிடத்தில் கொடுக்கப் போகிறாய். அதோடு நீ நிறுத்தியிருந்தால் நானும் நாலு நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். "அம்மா, நீ கடையில பண்ணுனதைத்தான் நான் பெருசாப் பண்ணுதேன். ராஜபாளையத்துல ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரம்மா ஒத்த ஆளா எம்புட்டுப் பேரைச் சேத்திருக்காங்கன்னு மொத பக்கத்துலயே எழுதியிருக்கேன்" என்றாய். அந்த முதல் பக்கம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் உன் அம்மா.

நீ ஏன் இந்தத் திட்டத்தில் இப்படிக் குறியாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாதா? ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த உங்கப்பா, சர்க்கரை கிட்னியைத் தின்று தீர்த்த பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக் குடித்ததை நீயும்தானே பார்த்தாய். சித்திரை வெயிலில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அது கரைகிறவரை யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ். மீதி நாள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்ததால், எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். குளிக்கப் போகும்போது போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே ஒரு தடவை வந்தது. ஓடினோம். வேறொருவருக்குத்தான் பொருந்தியது. திரும்பி வரும்போது, "அந்தாளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைக இருக்காம்ட்டி, நல்லாருக்கட்டும்" என்றார். எனக்குத்தான் யாரும் நன்றாக இருக்க வேண்டாம் என்று இருந்தது.

என் கிட்னியைக் கொடுக்கலாம் என்று பார்த்தால் எனக்கும் சர்க்கரை. அப்புறம் நீ கேட்டாய். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது உனக்கு. லீவு போட்டுவிட்டு வந்து, அப்பா முன்னால் நின்று, "என்னோடதை எடுத்துக்கோங்கப்பா" என்றாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் வேண்டாம்லே, போய்ச் சாப்பிடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நீ அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. கடைசிவரை அந்தக் கோபம் உனக்குள் இருந்தது, இன்னும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அவர் மறுநாள் என்னிடம் ஒரு காரணம் சொன்னார். அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, எனக்கே அது அப்போது பிடிபடவில்லை.

அவர் போன பிறகு நான் கடையை மறுபடி திறந்தபோது எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது, நீ சென்னையில் இருந்தாய். பார்க்கிறவர்களிடமெல்லாம் உறுப்பு தானம் பற்றிப் பேசுவேன். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர்கள் வாட்ச்சைப் பார்ப்பார்கள். ஒரு சேவைச் சங்கத்தார் அச்சடித்த பதிவுத்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் நாலு தாள்கூடப் போகவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியுமே. தாலுகா ஆபீஸ் விண்ணப்பத்தில் எங்கெங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் நான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். வருகிறவர்கள் எதையும் படிக்க மாட்டார்கள். குறி எங்கே இருக்கிறதோ அங்கே கையெழுத்து, முடிந்தது வேலை. அத்தனை நம்பிக்கை என் பென்சில் மேல். நான் என்ன செய்தேன் என்றால், பட்டா கேட்டு வந்தவர்கள், உதவித்தொகை கேட்டு வந்தவர்கள் எல்லாருடைய விண்ணப்பத்துக்கும் அடியில் இந்தத் தாளையும் வைத்து ஸ்டேப்ளர் அடித்தேன். அதிலும் பென்சில் குறி போட்டேன்.

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இது எதுக்கும்மா?" என்று கேட்கிறவர்களுக்கு விளக்கமும் சொன்னேன். ஆனால் பத்துப் பேரில் ஒருவர் கேட்டாலே அதிகம். மற்றவர்களுக்கு அது பட்டாவோடு சேர்ந்த இன்னொரு தாள். அவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும், ரெங்கா. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. உங்கப்பாவைப் போல இன்னும் எத்தனையோ பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்காகத்தானே என்று இருந்துவிட்டேன்.

பேச்சியம்மாளை உனக்குத் தெரியாது. பேண்டேஜ் துணி தறியில் வேலை பார்க்கிறவள், புருஷன் இல்லை, ஒரே மகன். மாரி என்று பெயர், இருபத்து நாலு வயது, லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். சிரித்த முகம். புறம்போக்கில் குடிசை போட்டு இருந்தார்கள், பட்டாவுக்கு நடையாய் நடந்து அலுத்துப் போய் என் கடைக்கு வந்தார்கள். பேச்சி தன் தாள்களில் கையெழுத்துப் போட்டு முடித்தாள். மாரி மட்டும் அடியில் இருந்த தாளை எடுத்துப் படித்தான். படித்துவிட்டு, "யக்கா, நானும் இதுல ஒண்ணு போட்டா அம்மாவுக்குப் பட்டா சீக்கிரம் கெடைக்குமா?" என்று கேட்டான்.

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இல்லை தம்பி, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. நான், "போடு, நல்லதுதான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவன் போட்டான். நெருங்கிய உறவினர் கையெழுத்து என்று ஒரு இடம் இருக்கும், அதில் பேச்சியைப் போடச் சொன்னேன். பென்சில் குறி இருந்த இடத்தில் அவள் போட்டாள்.

அவர்கள் நேரம், நாலைந்து மாதத்தில் பட்டா வந்துவிட்டது. அது வேறு எதனாலோ வந்தது. பேச்சி ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே அந்தத் தாளைப் போட்டதும் வந்துட்டுதுக்கா. எங்க தெருவுல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்" என்றாள். நான் காரச்சேவைத் தின்றேன். டீ வரவழைத்து அவளுக்கும் கொடுத்தேன். அதன் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஆட்கள் வந்து, "அந்தத் தாளும் வேணும்" என்று தாங்களே கேட்டு வாங்கினார்கள். நீ முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே எம்புட்டுப் பேர் என்று, அதில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான்.

போன வருஷம் மாரி தளவாய்புரத்துக்கு லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது ஒரு லாரி அடித்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பக்குவமாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பேச்சி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்று சொல்லியிருக்கிறாள். அவன் உடல் வீட்டுக்கு வந்தபோது அரசு மரியாதை. பெரிய அதிகாரி வந்து மாலை வைத்தார். போலீஸ்காரர்கள் சல்யூட் அடித்தார்கள். குறுகலான அந்தத் தெரு ஜனங்களால் நிரம்பியிருந்தது. நானும் போயிருந்தேன். அழுதேன். ஆனால் அழுகைக்கு அடியில் எனக்குப் பெருமையாக இருந்தது, ரெங்கா. என் தாளால் நாலைந்து பேர் பிழைத்தார்கள் என்று. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதினாறு முடிந்து நாலு நாள் கழித்துப் பேச்சி கடைக்கு வந்தாள். இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றாள். கூட்டம் குறைந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, அங்கன நான் மாட்டேம்னு சொல்லியிருந்தா பட்டாவை ரத்துப் பண்ணியிருப்பாகளா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவசரமாக, "இல்ல பேச்சி. ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாக. பட்டா உன்னோடது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது" என்றேன். அவள் கையிலிருந்த ஜெராக்ஸை மடித்தாள், பிரித்தாள். "அப்படின்னா அவிய என்கிட்ட நெசமாத்தான் கேட்டிருக்காக. நான்தான் கேக்குறாகன்னு நெனைக்கலை. கையெழுத்துப் போட்டாச்சு, பட்டாவும் வாங்கியாச்சு, இப்பம் மாட்டேன்னா வீட்டைப் பிடுங்கிருவாகன்னு நெனைச்சேன். சும்மா கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேங்க்கா. அவன் குடுக்கச் சொல்லுத பயதான். ஆனா இப்பம் எனக்குக் குடுத்த மாதிரியே இல்ல. வரி கட்டுன மாதிரி இருக்கு." அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு தாய் தன் பிள்ளையின் இதயத்தையே கொடுத்திருக்கிறாள். அதைக் கொடுத்தோம் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியிருக்க வேண்டியது. அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு ஸ்டேப்ளர் கம்பியாலும் ஒரு பென்சில் குறியாலும் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குக் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். உங்கப்பா ஓட்டிய அதே ரூட். அந்தப் பஸ்ஸில்தான் உங்கப்பா சொன்னது எனக்குப் பிடிபட்டது.

நீ கேட்டு, அவர் வேண்டாம் என்ற மறுநாள் மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியிருக்கும். நான் விடாமல் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளை தானாக வந்து தருகிறேன் என்கிறான், உங்களுக்கு என்ன வறட்டுக் கௌரவம் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, அவன் கேக்கும்போது அவன் கையைப் பாத்தியா? நடுங்குச்சு. நான் சரின்னுட்டேன்னு வை. பொறவு அவனுக்குப் பயம் வந்தா யார்ட்டப் போய்ச் சொல்லுவான்? அப்பன்கிட்ட வந்து வேண்டாம்ப்பான்னு எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? மாட்டேன்னு சொல்ல வழியில்லாதவன்கிட்ட வாங்கக்கூடாதுட்டி. அதுக்குப் பேரு வாங்குறதில்ல."

உன்னை அவர் ஒதுக்கவில்லை, ராசா. உன் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, உனக்குப் பதிலாக அவரே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் இரண்டாவது தப்பு. உன் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்ததால் அதை ஆற்ற எனக்கு மனசு வரவில்லை.

இப்போது உன் திட்டத்துக்கு வருகிறேன். "கட்டாயம் இல்லைன்னு தெளிவாப் போட்டிருக்கோம்மா" என்பாய். போட்டிருப்பாய். அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள் என்பதை என்னைக் கேள். "முன்னுரிமைதானே, போடாதவங்களுக்கு இல்லைன்னு சொல்லலையே" என்பாய். வரிசையில் நின்று பார்த்திருக்கிறாயா நீ? பின்னால் வந்தவன் முன்னால் போனால், நிற்கிறவனுக்கு அது இல்லை என்று சொன்ன மாதிரிதான். சொந்த வீடும் நிலமும் இருக்கிறவனிடம் உன் தாள் போகவே போகாது. அவன் உறுப்பு தானத்தைப் பற்றி நிதானமாக யோசிப்பான், பெண்டாட்டியிடம் கேட்பான், பயப்படுவான், தள்ளிப்போடுவான், அதற்கெல்லாம் அவனுக்கு நேரம் உண்டு. கூமாப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிற வீடில்லாதவன் மட்டும் கவுண்டரில் நின்றபடியே முடிவு பண்ண வேண்டும். மரியாதை செய்வது வேறு. மாரிக்கு மாலை வைத்தார்களே, அந்த மாலைக்காக யாரும் கையெழுத்துப் போடவில்லை. பிழைக்கத் தேவையானதைக் காட்டிக் கேட்பது வேறு.

ஒன்றை மறைக்க மாட்டேன். உன் திட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் உங்கப்பா இன்றைக்கு இருந்திருப்பாரோ? இருந்திருக்கலாம். இந்த வரியை எழுதுவதற்குள் எனக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது. யாரோ ஒரு பேச்சி பயந்துபோய்ச் சரி என்று சொல்லி, அதனால் அவர் பிழைத்து வந்திருந்தால், நான் அந்தப் பேச்சியைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? மாட்டேன். அவருக்குப் பிடித்த மாதிரி சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்து, சந்தோஷமாக இருந்திருப்பேன். அதனால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தால் அதை வாங்கியிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் சேர்க்கத்தான் வேண்டும். பட்டா கொடுக்கிற மேசையில் அந்தத் தாளை வைக்காதே, அவ்வளவுதான். வேறொரு நாள், வேறொரு இடத்தில் வை. ஆள் குறைவாக வரும். எனக்கும் அப்படித்தான் வருகிறது. பேச்சி வந்து போன பிறகு, பழைய ஆட்களின் நம்பரைத் தேடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். சிலர் அப்படியென்றால் வேண்டாம் என்றார்கள். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். பிளவக்கல் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "நான் படிச்சிட்டுத்தாம்மா போட்டேன், எனக்கென்ன வெவரம் தெரியாதுன்னு நெனைச்சியா" என்று அதற்கும் திட்டினார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பேச்சியிடம் வீட்டுக்கே போய், நான்தான் தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. இப்போதும் கடைக்கு வருவாள், நன்றாகப் பேசுவாள். ஆனால் எந்தத் தாளாக இருந்தாலும் என்னை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். நானும் வாசிக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இத்தனை பேரிடம் வாங்கியவள், என் தாளில் நான் இதுவரை கையெழுத்துப் போடவில்லை. பயம்தான். என் உடம்பை அறுப்பார்கள் என்ற பயம், நீ தனியாக நின்று பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். என்னிடம் யாரும் பட்டாவைக் காட்டி அவசரப்படுத்தவில்லை. அதனால் ஆறு வருஷம் ஆற அமர யோசித்தேன். பேச்சிக்கு ஆறு நிமிஷம்கூட நான் கொடுக்கவில்லை.

முதல் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிடு. எடுக்க மனசில்லை என்றால் இந்தக் கடிதத்தையும் சேர்த்து வை. திங்கட்கிழமை நீ என்ன செய்தாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. என் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் நானே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். நெருங்கிய உறவினர் என்ற இடம் காலியாக இருக்கிறது. எனக்கு நீ ஒருத்தன்தான். நாளைக்கு ஆஸ்பத்திரியில் அவர்கள் கேட்கப் போவதும் உன்னைத்தான். அந்த இடத்தில் நான் பென்சில் குறி போடவில்லை. முழுக்கப் படி. மனசு ஒப்பினால் போடு. ஒப்பாவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டுவா. எப்படிக் கொண்டுவந்தாலும் தீபாவளிக்கு உனக்குப் பருப்பு உருண்டைக் குழம்பு உண்டு.

உன் அம்மா